அடியடுக்கை வெட்டாத ஊர்

கேக் தின்னக்கூடிய மனிதர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த வருஷத்தில் ராக்கன் புதுக்கோட்டைக்கு வந்து கேக் கடை போட்டார். அது நாற்பத்தெட்டு. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். தனிக் கோர்ட்டுக் கச்சேரி, தனி உத்தியோகம், மாலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு டீ குடிக்கும் அதிகாரிகள் என்று ஒரு சின்ன உலகம் அங்கே இருந்தது. அதை நம்பித்தான் அவர் கப்பல் ஏறினார். அவர் வந்து இறங்கியபோது அந்த உலகம் சாமான்களைக் கட்டி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது.

இலங்கையில் கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து துரை பங்களாவில் அவர் சமையற்காரராக இருந்தவர். யார் அந்நாட்டுக் குடி, யார் இல்லை என்று சட்டம் வருவதாகப் பேச்சு எழுந்ததும், கேக் சுடுகிறவன் பெயர் எந்தப் பக்கம் வரும் என்று காத்திருந்து பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. மனைவி சொர்ணத்தோடும், ஒரு டிரங்குப் பெட்டியோடும், இரண்டு வட்டமான பிஸ்கட் தகரங்களோடும் திரும்பினார். தகரங்களில் அவருடைய தொழில் இருந்தது. அச்சுகள், கரண்டிகள், சர்க்கரைப் பூ பிழிகிற பித்தளைக் குழல்கள். குழல்களில் ஒன்று ரோஜாக் குழல். துணிப்பையில் மாட்டி, மணிக்கட்டைத் திருப்பிப் பிழிந்தால் இதழ் இதழாக ரோஜா வரும். பங்களாவிலிருந்து கிளம்பும்போது துரைசாணி தன் கையாலேயே கொடுத்தது.

கீழ மூன்றாம் வீதியில் 'கண்டி கேக் கடை' என்று பலகை மாட்டியாயிற்று. பின்கட்டில் செங்கலும் களிமண்ணும் வைத்துக் கவிழ்த்த சட்டி போல ஓர் அடுப்பும் கட்டியாயிற்று. அதை அவர் இலங்கை வழக்கப்படி போறணை என்பார். ஊர்க்காரர்கள் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்து காராசேவு கேட்டார்கள். கேக்கை எடுத்துக் காட்டினால், காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாமா என்று விசாரித்தார்கள்.

போறணைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கேக்குக்கும் அதே விறகுதான், முப்பது கேக்குக்கும் அதே விறகுதான். சூடு ஏறிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஆகவே ராக்கன் ஒரு ஒழுங்கு செய்துகொண்டார். வாரத்தில் சில நாள் மட்டும் போறணையைப் பற்றவைப்பது. சூடு உச்சத்தில் இருக்கும்போது ரொட்டி. கொஞ்சம் தணிந்ததும், யாராவது சொல்லியிருந்தால், கேக். கடைசியில் மிஞ்சுகிற வெதுவெதுப்பில் பழைய ரொட்டியை நறுக்கிப் போட்டு ரஸ்க். ஆஸ்பத்திரி வாசலிலும் டீக்கடைகளிலும் ரஸ்க் போனது. விறகுக்கு ரஸ்க் பதில் சொன்னது. கடையின் பெயருக்குக் கேக் பதில் சொல்லவேண்டியிருந்தது, அதற்குத்தான் ஆள் இல்லை.

அண்ணன் ஆண்டியப்பனுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடு. வருஷா வருஷம் முந்திரி உடைத்ததும் தம்பிக்கு ஒரு சாக்கு கொண்டுவந்து போடுவார். கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவந்து போடுவார்.

"இன்னும் கடை இருக்கா?"

"இருக்குண்ணே."

"இல்லேன்னா சொல்லு. தோப்புக்குக் காவலுக்கு ஆள் வேணும். ஒனக்கு இல்லாததா?"

இதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் ராக்கனுக்குத் தாங்கவில்லை. கடையை மூடினால் பட்டினி கிடக்கவேண்டியதில்லை, முந்திரி மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, 'நான் அப்பவே சொன்னேன்' என்பதை மிச்ச ஆயுசு முழுக்கக் கேட்கவேண்டியதுதான். அதைவிடப் பட்டினி மேல் என்று அவர் நினைத்தார். சொர்ணம் அப்படி நினைக்கவில்லை.

ஐம்பத்திரண்டில் ஒருநாள் ஆவூரிலிருந்து இன்னாசியம்மாள் என்ற அம்மாள் கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த உறவுக்காரருக்கு ரஸ்க் வாங்க வந்தவர். கணவர் இல்லை. இரண்டு பெண்கள், கொஞ்சம் நிலம், ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அடுப்படியில் அவர் சொல்வதுதான் சட்டம். ஆவூர் பழைய கத்தோலிக்க ஊர். கோயில் மணி அடித்தால் மாடும் நின்று கேட்கும் என்பார்கள்.

அவர் ரஸ்க்கை வாங்கிக்கொண்டு பலகையை ஒரு தரம், ரஸ்க்கை ஒரு தரம் பார்த்தார். "கேக் கடையா, ரஸ்க் கடையா தம்பி?" என்றார். பிறகு சுவரில் பார்த்தார். துரைசாணியின் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டிய படம் அங்கே இருந்தது. வெள்ளைவெளேரென்று, உச்சியில் பூ வைத்த மூன்று அடுக்குக் கல்யாணக் கேக்.

"இது மாதிரி வருமா?"

"வரும்க்கா," என்றார் ராக்கன். வாய் சொல்லிவிட்டது. புத்தி பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

அம்மாளின் மூத்த பெண் சவேரியாயிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வாத்தியார். வீட்டுக் கோழிகளின் முட்டையும், உறவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொண்டுவரும் முட்டையும், நெய்யும் பெண்வீட்டார் பொறுப்பு. இலங்கைக் கேக்குக்கு வேண்டிய ரவையும் முந்திரியும் பூசணிப் பாகும் கைப்பக்குவமும் ராக்கன் பொறுப்பு. இந்த ஏற்பாட்டை அம்மாள்தான் சொன்னார். பிற்பாடு கடை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேக்கு சொல்கிறவர்களே முட்டையும் கொண்டுவந்துவிட்டால், விற்காத கேக்கு என்ற ஒன்றே கிடையாது.

ஒத்திகை பார்ப்பது நல்லது என்று ராக்கன் ஒரு மூன்றடுக்குக் கேக் செய்து, சொர்ணத்தின் மடியில் வைத்து, மாட்டு வண்டியில் ஏற்றிப் பல்லவன் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரச் செய்தார். சித்திரை வெயில். வண்டி திரும்பி வந்தபோது மேல்மாடி கீழ்மாடிக்குக் குடிவந்திருந்தது. சொர்ணத்தின் சேலை சர்க்கரைப் பூச்சால் கஞ்சி போட்டதுபோல விறைத்திருந்தது. கண்டி மலைக் குளிரில் நின்ற கேக் இங்கே நிற்காது என்பது தெரிந்தது. ஆவூருக்கு பஸ்ஸில் போய், மெயின் ரோட்டில் இறங்கி, அதற்கப்புறம் வண்டிப்பாதை. குளத்தைச் சுற்றியதே இந்தக் கதி.

முடியாது என்று சொல்லி ஆள் அனுப்பியிருக்கலாம். ஆனால் கேக் கேட்ட முதல் ஆள். இவரை விட்டால் அடுத்தது முந்திரித் தோப்பு.

அப்போதுதான் இரண்டு பிஸ்கட் தகரங்களும் அவர் கண்ணில் பட்டன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டும் வட்டம். சாமான்களை ஒரு மரப்பெட்டியில் கொட்டிவிட்டு, தகரங்களை பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருந்த தகர வேலைக்காரரிடம் கொண்டுபோய், மூடியைப் பற்றவைத்து அடைத்துக்கொண்டு வந்தார். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே விரல்கனத்துக்குச் சர்க்கரைப் பூச்சு. உச்சியில் மட்டும் ஒரு நிஜக் கேக். தள்ளி நின்று பார்த்தால் சுவரிலிருந்த படம் இறங்கி மேசைக்கு வந்தமாதிரி இருந்தது. பந்தியில் எல்லாருக்கும் கொடுக்கத் தட்டுகளில் வேறு கேக் சுட்டு, துண்டு போட்டு, எண்ணெய்த்தாளில் பொட்டலம் கட்டினார். யார் வாயிலும் தகரம் போகப்போவதில்லை. ஆகவே இது ஏமாற்று இல்லை என்று சொர்ணத்திடம் சொன்னார். சொர்ணம், ஏமாற்று என்று நான் சொல்லவே இல்லையே என்றாள்.

இந்த அமளியில் ரோஜாக் குழல் காணாமற்போயிற்று. மரப்பெட்டியில் மற்றதெல்லாம் இருந்தது, அது இல்லை. சொர்ணம்தான் முந்திரித் தோலோடு கூட்டித் தள்ளியிருக்கவேண்டும் என்று ராக்கன் தீர்மானித்தார். அவள் இல்லை என்றாள். அவர் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் ரோஜாக் குழலில் வந்து முடியும்.

சவேரியாயி கல்யாணத்தன்று கேக்கு பந்தலுக்கு வந்ததும் ஊரே கூடிப் பார்த்தது. கேக்கைவிட்டு நகராமல் நின்ற ராக்கன், கத்தி வருவதற்குள் ஒரு சம்பிரதாயத்தை உண்டாக்கவேண்டியிருந்தது. உண்டாக்கினார். மாப்பிள்ளையும் பெண்ணும் மேலடுக்கைத்தான் வெட்டவேண்டும், கண்டியில் துரைமார் வழக்கம் அதுதான், அடியடுக்கில் கத்தி பட்டால் குடும்பத்துக்கு அஸ்திவாரம் ஆடிவிடும் என்று சொன்னார். யாரோ ஒரு பெண், கடைச் சுவரில் பார்த்த படத்தில் பூ இருந்ததே, இதில் பூ இல்லையே என்றாள்.

"கல்யாணக் கேக்குல பூ வைக்கக்கூடாது தாயி," என்றார் ராக்கன். "பூவு பொண்ணு தலையிலதான் இருக்கணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். இன்னாசியம்மாள் மட்டும் அவர் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்ததாக அவருக்குத் தோன்றியது. விருந்து முடிந்ததும் ராக்கன், "ஸ்டாண்டைக் கழுவி வைக்கணும்" என்று சொல்லி, இரண்டு அடுக்கையும் வேட்டியில் சுற்றி பஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கேக்கில் மூன்றில் இரண்டு பங்கைக் கேக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. தன் முகத்தில் இருக்கும் நாணயத்தின் மகிமை என்று ராக்கன் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஆவூரிலும் சுற்றுப்பட்ட கிறிஸ்தவ ஊர்களிலும் கண்டி கேக் இல்லாமல் கல்யாணம் இல்லை என்றாயிற்று. மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற ராக்கனுக்கு, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் என்றைக்கு வருகிறது என்பது கோயில் உபதேசியாரைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்களிலும் கிடையாது. அந்த நாட்களில் போறணையில் வெறும் ரொட்டியும் ரஸ்க்கும்தான். உயிர்ப்புத் திருநாள் தாண்டியதும் முட்டைக் கூடைகள் பஸ்ஸில் வந்து இறங்கும். அவர் வீட்டுச் சுவரில் மாரியம்மன் படத்துக்குக் கீழே ஆவூர்க் கோயில் காலண்டர் தொங்கியது. இரண்டுக்கும் சண்டை வந்ததாகத் தகவல் இல்லை.

தான் உண்டாக்கிய சம்பிரதாயம் தன்னைவிடப் பெரிதாக வளர்வதை அவர் கண்ணாலேயே பார்த்தார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைப் பையன் கேக்கில் ஒரு பூவாவது வைக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டுக் கேட்டான். ராக்கன் வாயைத் திறக்குமுன் நாலைந்து பெண்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஆவூரில் கேக்கில் பூ வைப்பது என்றைக்குமே கிடையாது என்றார்கள். ஒரு கிழவர், இது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம் என்றார். பாட்டன் காலத்தில் அந்தப் பக்கம் கேக்கு என்ற சொல்லே போய்ச் சேர்ந்திருக்காது. ராக்கனும் மற்றவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டிவைத்தார். வேறு என்ன செய்வது?

ஐம்பத்தேழு வாக்கில் ஒரு புதுத் தொல்லை தொடங்கியது. பெரிய தகரத்துக்குள் ஏதோ உருண்டது. பற்றவைத்த ஈயம் ஒரு துளி உதிர்ந்து கிடக்கிறது என்று நினைத்தார். வண்டி குலுங்கினால் கிண் கிண் என்று சத்தம். மேசையில் வைக்கும்போது கிண். யாராவது மேசையை இடித்தால் கிண். ஒவ்வொரு கிண்ணுக்கும் ராக்கன் இருமினார். திறந்து எடுக்கலாம் என்றால், பழைய தகரக்காரர் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார், இப்போது இருந்தவருக்கு ஆவூரில் சம்பந்தம், விஷயம் ஊருக்குப் போய்விடும். ஆகவே இருமலே வழியாயிற்று. ஆவூரில் அவரைப் பார்த்ததுமே யாராவது ஒருவர் சுக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டுவார்கள். நல்ல ஜனங்கள் என்று அவர் நெகிழ்ந்துபோவார்.

அண்ணன் கேள்வி மட்டும் மாறவில்லை. "இன்னும் கடை இருக்கா?" ராக்கன் இப்போது சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஆனால் கடை எதன்மேல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு தகரத்தின்மேல் நிற்கிறது. ஆவூரில் ஒரு கத்தி தப்பான இடத்தில் பட்டால், அன்றோடு ஆவூர் போயிற்று. ஆவூர் போனால் மற்ற ஊர்கள் போயின. அப்புறம் முந்திரி மரம், கயிற்றுக் கட்டில்.

அறுபத்தொன்றில் இன்னாசியம்மாளின் இளைய பெண் லூர்தம்மாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை திருச்சி, பொன்மலை. ரயில்வே பட்டறைக் குடும்பம். கோயிலில் பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுப் பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது, கேக்கு மேசைமேல் தயாராக நின்றது. ராக்கன் வழக்கம்போல் பந்தல் காலோரமாக, வழக்கம்போல் இருமுவதற்குத் தயாராக நின்றார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ராயப்பன் என்பவர் கத்தியை எடுத்தார். பட்டறையில் இரும்போடு பழகிப் பழகித் தோள் அகன்ற மனிதர். பொன்மலையில் ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர். கத்தியில் ரிப்பன் கட்டி மாப்பிள்ளை கையில் கொடுத்து, பெண்ணின் கையை அதன்மேல் வைத்து, இருவர் கையையும் தன் கையால் பிடித்து நேராக அடியடுக்குக்குக் கொண்டுபோனார்.

ராக்கனுக்கு இருமல்கூட வரவில்லை.

"சம்மந்தி, மேலடுக்கு," என்றார் இன்னாசியம்மாள்.

ராயப்பன் திரும்பிச் சிரித்தார். "இல்லீங்க. முறைப்படி அடியடுக்கைத்தான் வெட்டணும். மேலடுக்கை எடுத்து வச்சு, மொதப் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறப்ப வெட்டுறது. வெள்ளைக்காரன் வழக்கமே அதுதான்."

இது உண்மை என்பது அந்தப் பந்தலில் ராயப்பனைத் தவிர ராக்கன் ஒருவருக்குத்தான் தெரியும். துரை பங்களாவில் அவர் கையாலேயே மேலடுக்கை எடுத்து டப்பாவில் பத்திரப்படுத்தியிருக்கிறார். சரியானதைச் சொல்கிற ஒரே மனிதர் தன் குடியைக் கெடுக்க வந்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க பக்கம் கல்யாணம் நடந்தா அடியில வெட்டுங்க. இது ஆவூரு," என்றார் இன்னாசியம்மாள்.

பின்னாலிருந்த பெண்கள் கூட்டம் கசகசவென்று எழுந்தது. அடியில் கத்தி படக்கூடாது, குடும்பம் தங்காது, எங்கள் ஊர்ப் பெண்ணை அப்படி அனுப்ப மாட்டோம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், கேக்கு என்ன உங்கள் ஊரில் விளைந்ததா என்று கேட்டார். பாட்டன் காலத்துக் கிழவர் எழுந்து நின்று, பாட்டனையும் தாண்டி முப்பாட்டனுக்குப் போனார்.

இந்தச் சந்தடியில் மாப்பிள்ளையின் கை தளர்ந்து, கத்தி நுனி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. சர்க்கரைப் பூச்சு சின்னதாக விரிந்தது. உள்ளே நுனி எதிலோ முட்டி, 'டிங்' என்றது.

சின்னச் சத்தம்தான். ஆனால் ராயப்பன் பிழைப்பே தகட்டோடும் சுத்தியலோடும். அவர் தலை லேசாகச் சாய்ந்தது. விரல் முட்டியால் அடியடுக்கைத் தட்டிப் பார்க்கப் போகிறவர்போல் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்து இன்னாசியம்மாளைப் பார்த்தார். அம்மாள் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேண்டுதலும் இல்லை, வெட்கமும் இல்லை. சாம்பாரில் உப்புப் பார்க்கிற முகம்.

ராயப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிதான். வந்த எடத்துல ஊரு வழக்கத்தை மீறலாமா?" என்றார். மூன்று கைகளும் கத்தியோடு மேலே ஏறின. மேலடுக்கு வெட்டுப்பட்டது. கைதட்டல் கேட்டது. ராக்கன் பந்தல் காலைப் பிடித்திருந்த கையை எடுத்து, கேக்குப் பொட்டலங்களைப் பந்திக்கு எடுத்து வைத்தார்.

பந்தி நடுவில் அவரைப் பின்பக்கம் கூப்பிடுவதாக ஆள் வந்தது. அடுப்படிக்கு வெளியே வேப்பமரத்தடியில் இன்னாசியம்மாள் இலைக்கட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றார். தீர்ந்தது என்று ராக்கன் நினைத்தார். வழியிலேயே மன்னிப்புக்கு வார்த்தை தேடிக்கொண்டு போனார்.

"இங்கிட்டு வாங்க தம்பி," என்றார் அம்மாள். "பெரிய தகரத்துக்குள்ள ஏதோ உருளுதுல்ல, அதை எடுத்துப்போட்டு மூடிருங்க. அடுத்த மாசம் ஒரு கல்யாணம் இருக்கு. வண்டி வர்றது ஊருக்கு வெளியவே கேக்குது."

ராக்கன் பக்கத்தில் கவிழ்த்திருந்த அண்டாவின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா... தெரியுமா ஒங்களுக்கு?"

"மூணடுக்குக் கேக்கை ஒத்தை ஆளு இடுப்புல இடுக்கிக்கிட்டு வந்து எறங்குனீங்க, சவேரியாயி கல்யாணத்துக்கு. எங்க வீட்டு அம்மிக்கல்லு அந்த அளவு. அதைத் தூக்க ரெண்டு ஆளு வேணும். யாருக்குத் தம்பி தெரியாது?"

"ஊருக்கேவா?"

"உபதேசியார் மட்டும் கொஞ்சகாலம் நம்பிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அவரு வீட்டுக் கல்யாணத்துல அவரே தூக்கி வச்சாரு. தெரிஞ்சுபோச்சு."

அப்படியானால் ஏன் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் ராக்கன். தன்னை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களா என்றும் கேட்டார்.

சிரிக்காமல் என்ன, சுக்குக் காப்பி கொடுக்கிற முறை வீட்டுக்கு வீடு மாறி மாறி வரும் என்றார் அம்மாள். அப்புறம் இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். இந்த ஊரில் முன்பு ஒரு வீட்டுப் பந்தல் உயர்ந்தால் அடுத்த வீட்டுப் பந்தல் அதைவிட உயரவேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பன்றி அடித்தால் அடுத்த வீட்டில் மூன்று. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்ததெல்லாம் கல்யாணப் பந்தலில்தான். கேக்கு என்று ஒன்று வந்தபோது, இனி நாலடுக்கு, அஞ்சடுக்கு என்று கிளம்பப்போகிறார்கள் என்று அவர் பயந்தாராம்.

"ஒங்ககிட்ட இருக்கிறது ரெண்டு தகரம். அதுக்கு மேல ஒசரம் போகாது, கீழ எறங்காது. பெரிய வீட்டுக்கும் அதே ஒசரம், கூலிக்குப் போற வீட்டுக்கும் அதே ஒசரம். அதை நாங்க எதுக்குத் தம்பி வெட்டிப் பாக்கணும்?"

ஊரை ஏமாற்றுகிறோம் என்று ராக்கன் பயந்துகொண்டிருந்த காலமெல்லாம் ஊர் அவரைப் பத்திரமாக ஏமாற்றி வைத்திருந்திருக்கிறது. அழுகை வருமோ என்று பயந்து, பழக்கதோஷத்தில் இருமினார்.

"இப்ப எதுக்கு இருமல்? தகரம் அங்கிட்டு இருக்கு," என்றார் அம்மாள்.

இரண்டு அடுக்கையும் வேட்டியில் சுற்றிக்கொண்டு அவர் கிளம்பியபோது, ராயப்பன் எதிரே வந்தார். மூட்டையை ஒரு தரம் பார்த்தார். நல்ல தகரம், கெட்டியாகப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் ராக்கன் முதல் தடவையாகத் தகரத்தைத் துணியில் சுற்றாமல், பட்டப்பகலில், கடைவீதி வழியாகத் தோளில் வைத்துக்கொண்டு தகர வேலைக்காரரிடம் போனார். ஒவ்வொரு அடிக்கும் கிண் கிண் என்றது. அவர் இருமவில்லை. தகரக்காரர் வாங்கிப் பார்த்து, "ஆவூர்க் கேக்கா? உள்ள கெடக்கிறதை எடுக்கணுமா?" என்று கேட்டார். ராக்கனுக்கு அதிலும் ஆச்சரியம் மிச்சமில்லை.

மூடியைத் திறந்து கவிழ்த்ததும் விழுந்தது ஈயத்துளி இல்லை. பித்தளை. ரோஜாக் குழல்.

கண்டியிலிருந்து வந்தபோது தகரத்தின் அடி விளிம்பில் வெண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. சாமான்களைக் கொட்டியபோது விழவில்லை. அதோடு சேர்த்துத்தான் மூடியைப் பற்றவைத்திருக்கிறார். பிசுக்குக் காய்ந்து உதிர ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு அது உள்ளே இருந்துகொண்டு ஒவ்வொரு கல்யாணத்திலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் இருமி இருமி அதன் வாயை அடைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொர்ணத்தின் முன்னால் அதை வைத்தார். அவள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே இருந்தது என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"முந்திரித் தோலோட போச்சுன்னீங்க," என்றாள்.

"ஆமா."

"அம்புட்டுதானா?"

"நான் சொன்னது தப்பு," என்றார் ராக்கன். அவர்கள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியம் அந்த வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை. சொர்ணம் அதைக் குழலைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி என்று வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஆண்டியப்பன் முந்திரிச் சாக்கோடு வந்தபோது, ராக்கன் போறணை வாசலில் உட்கார்ந்து, துணிப்பையில் ரோஜாக் குழலை மாட்டி ஒரு தட்டில் பூ பிழிந்துகொண்டிருந்தார். மணிக்கட்டு மறந்திருக்கவில்லை. இதழ் இதழாக வந்தது. அண்ணன் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தட்டையே பார்த்தார்.

"இதை அடுத்த வாரக் கேக்குல வைக்கலாம்னு பாக்குறேன்," என்றார் ராக்கன்.

உள்ளே முட்டை உடைத்துக்கொண்டிருந்த சொர்ணம் தலையை நீட்டிப் பார்த்தாள். அது எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டாள். ஆவூர் என்றார்.

"அங்கிட்டு கொண்டுபோயிராதீங்க," என்றாள். "பூ வச்ச கேக்கை உள்ளயே விட மாட்டாங்க. பாட்டன் காலத்து வழக்கம்."

ராக்கன் கொஞ்சம் யோசித்தார். பிறகு ரோஜாவைக் கத்தியால் பதமாக எடுத்து, ஒரு ரஸ்க்கின்மேல் வைத்து அண்ணனிடம் கொடுத்தார்.